ஒரு குடம் தண்ணியும் ஒரு வாய்ச் சோறும்

போன ஞாயித்துக்கிழமை மேலூர் பக்கம் ஒரு காதுகுத்து. வீட்டுக்காரர் வழிச் சொந்தம்.

காலையில குழாயில தண்ணி வந்ததும் பொம்பளைங்க எல்லாம் குடத்தைத் தூக்கிட்டுப் பந்தலுக்கும் குழாயடிக்கும் ஓடிட்டு இருந்தாங்க. நான் ஓரமா உக்காந்து வெத்தலை துடைச்சிட்டு இருந்தேன். எங்க சின்ன மாமியார் பக்கத்துல வந்து உக்காந்து என் வலது முழங்கைத் தழும்பைத் தடவிப் பாத்தாங்க. பின்பக்கம் நீளமா ஒரு கோடு.

"ஏம்மா, இவ்வளவு செலவு பண்ணி கைக்கு ஆப்ரேஷன் பண்ணி என்ன புண்ணியம்? ஒரு குடம் தண்ணி தூக்க முடியலையே."

மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்லலை. அவங்களுக்கு ரெண்டு முழங்காலும் மாத்தியாச்சு. மாத்துன மூணாம் மாசமே அழகர்கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்தவங்க. முழங்கால் மாத்துனா நடக்கலாம், அப்ப முழங்கை மாத்துனா தூக்கலாம். அவங்க கணக்கு அது. நியாயமான கணக்குத்தான்.

ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பஸ்ல திரும்பி வர்ற வரைக்கும் அதே நினைப்பு. ஏன்னா இதே கேள்வியை இந்த நாலு வருஷத்துல பத்துப் பேராவது கேட்டுட்டாங்க. அதுல ரெண்டு பேருக்கு எனக்கு இருக்கிற அதே வியாதி. "கையில எல்லாம் பண்ணா நிக்காதாம்ல?"ன்னு கேட்டுட்டு, வலியைத் தாங்கிக்கிட்டு வீட்டுல இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்துட்டேன்.

வியாதி பேரு முடக்கு வாதம். ஆங்கில மருத்துவத்துல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். எங்க அப்பத்தா காலத்துல சரவாங்கின்னு சொல்லுவாங்க. வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. இதுல நம்ம உடம்போட காவல்காரங்களே திரும்பி நம்ம மூட்டைத் தாக்குறாங்க. மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், அது வீங்கித் தடிச்சு, பக்கத்துல இருக்கிற குருத்தெலும்பை அரிச்சு, அப்புறம் எலும்பை அரிச்சு, மூட்டை இழுத்துக் கட்டியிருக்கிற நார்களையும் தளர்த்திடும். ஆம்பளைங்களைவிட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது.

எனக்கு 2003-ல ஆரம்பிச்சுது. சின்ன மக பிறந்து ஏழு மாசம். (பிரசவத்துக்கு அப்புறம் இது தலைகாட்டுறது நிறையப் பேருக்கு நடக்கிறதுதான். எனக்கு அப்பத் தெரியாது.) காலையில எந்திரிச்சா விரல் மடங்காது. பத்து மணி வரைக்கும் பிள்ளைக்கு ஊக்கு மாட்ட முடியாது. "பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணியில கை வச்சிருப்பே"ன்னாங்க. தைலம் தேச்சோம். ஒத்தடம் கொடுத்தோம். அப்புறம் ஒருத்தர் பொட்டலம் கட்டி ஒரு பொடி கொடுத்தார். ரெண்டே நாள்ல வலி பறந்து போச்சு! மூணு வருஷம் அந்தப் பொடியைத்தான் சாப்பிட்டேன். முகம் நிலா மாதிரி உருண்டுச்சு, "நல்லா பூசினாப்புல ஆயிட்டே"ன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. கடைசியில மூட்டுவாத டாக்டர்கிட்ட போனப்ப அவர் முகத்தைப் பாத்ததுமே கேட்டார், "என்ன மருந்து சாப்பிடுறீங்க, அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும் போலயே?"

அந்த மூணு வருஷம் வலி இல்ல. ஆனா உள்ள அரிப்பு நிக்கவே இல்ல. இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுறது அந்த மூணு வருஷத்துக்குத்தான்.

2006-ல இருந்து மெத்தோட்ரெக்ஸேட். (இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையில நான் "செவ்வாய்"னு பேனாவால எழுதி வச்சிருப்பேன், நீங்களும் எழுதுங்க.) அதுக்கு அப்புறம் வியாதி அடங்குச்சு. ஆனா முழங்கை அதுக்குள்ள பாதி போயிருச்சு.

முழங்கைன்னா என்னன்னு கை நல்லா இருக்கிறவங்க யாரும் யோசிக்க மாட்டாங்க. நானும் யோசிச்சதில்ல.

எங்க தெரு முனையில ஒரு பூக்காரம்மா. சரத்தைப் பிடிச்சு முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு இழுப்பு, அது ஒரு முழம். பூவை அளக்கிற கோலே அவங்க கைதான். அவங்க அளக்கிறதைப் பாத்துக்கிட்டே இருப்பேன். கை மடங்கும், நீளும், உள்ளங்கை மேல திரும்பும், கீழ திரும்பும். முழங்கையில மூணு எலும்பு சேருது. மடக்கி நீட்டுறதுக்கு ஒரு இடம், உள்ளங்கையைப் புரட்டுறதுக்கு இன்னொரு இடம். ரெண்டும் ஒரே பைக்குள்ள இருக்கிறதால வாதம் வந்தா ரெண்டும் சேந்து போகும்.

2016 வாக்குல என் வலது கை எந்த அளவுக்குப் போச்சுன்னு சொல்றேன். கையை நேரா நீட்டுனா அது 0 டிகிரி. முழுசா மடக்குனா 140-க்கு மேல. எனக்கு 50-ல இருந்து 90 வரைக்கும்தான் அசையும். தொங்கவும் விட முடியாது, முகத்துக்கும் வராது. நடுவுல நிக்கும், கூடையை மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி.

90-ல நிக்கிற கைக்கு வாய் எட்டாது. பொட்டு வைக்க முடியாது. மூக்கைச் சொறிய முடியாது. கம்மல் திருகாணி, ஜடை, பூ, எதுவும் முடியாது. வீட்டுக்காரர் ஒரு ஸ்பூனுக்கு ஒரு அடி நீளத்துக்கு அலுமினியக் குழாய் சொருகிக் கொடுத்தார். சாம்பார் சாதம் பாதி வழியிலயே கொட்டிரும். அப்புறம் தட்டை டம்ளர் மேல வச்சு உயர்த்தி, தலையைக் குனிஞ்சு தட்டுக்குக் கொண்டு போய்ச் சாப்பிட ஆரம்பிச்சேன். யாராவது வந்தா தட்டைத் தள்ளி வச்சிருவேன்.

கல்யாண வீட்டுல பந்தியில உக்காரறதை விட்டேன். "வயிறு சரியில்ல", "இப்பத்தான் சாப்பிட்டேன்", "விரதம்". எத்தனை பொய்.

இன்னொண்ணு. உள்ளங்கை மேல திரும்பாது. கோயில்ல திருநீறு வாங்கணும்னா கையை ஏந்தணும்ல? என் கை பக்கவாட்டுல கத்தி மாதிரி நிக்கும். இடது கையை நீட்ட மனசு வராது. ஒரு நாள் குருக்கள் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ஒரு இலையில வச்சு மகள்கிட்ட கொடுத்தார். அன்னைக்கு வெளிப் பிராகாரத்துல உக்காந்து அழுதேன்.

வலியைப் பத்தி தனியா எழுதலை. இந்த வியாதி இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், இல்லாதவங்களுக்குச் சொல்லிப் புரியாது. ராத்திரி கையைத் தலகாணி மேல வச்சா வலி, கீழ வச்சா வலி.

ஊசி போட்டாங்க, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாசம் நல்லா இருக்கும். வீங்குன சவ்வை மட்டும் சுரண்டி எடுக்கிற ஆப்ரேஷன் ஒண்ணு இருக்கு. எலும்பு இன்னும் நல்லா இருக்கிறப்பவே வந்திருந்தா அதைப் பண்ணியிருக்கலாம்னு சொன்னாங்க. என் எக்ஸ்ரேயில மூட்டுக்கு நடுவுல இருக்க வேண்டிய இடைவெளியே இல்ல. மேல் எலும்போட நுனி தேஞ்சு, கறையான் அரிச்ச கட்டை மாதிரி இருந்துச்சு.

கடைசியா போன எலும்பு டாக்டர் எடுத்த எடுப்புல கேட்ட கேள்விதான் எனக்குப் பிடிச்சுது.

"உங்களுக்குக் கை வாய்க்கு வரணுமா, மூட்டை தூக்கணுமா?"

"வாய்க்கு வந்தாப் போதும் சார்."

"அப்ப பேசலாம். தூக்கணும்னு சொல்லியிருந்தா வேண்டாம்னு அனுப்பியிருப்பேன்."

சின்ன மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் இதுலயே இருக்கு. ஆனா ஏன்னு சொல்லணும்ல.

ஒரு கதவைக் கீல் பக்கத்துல கை வச்சுத் தள்ளிப் பாருங்க. எவ்வளவு கனம்! கைப்பிடிப் பக்கம் தள்ளுனா லேசு. நம்ம முன்னங்கை அந்தக் கதவுதான். கையை மடக்குற தசை முழங்கைக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் தள்ளிதான் ஒட்டியிருக்கு, கீல் பக்கத்துலயே. நாம பொருளைப் பிடிக்கிறது முப்பது சென்டிமீட்டருக்கு அந்தாண்ட. அதனால கையை மடக்கி ஒரு கிலோவைப் பிடிச்சா தசை ஆறேழு கிலோவுக்கு இழுக்கணும். அந்த இழுப்பு அத்தனையும் மூட்டுல போய் அழுத்தும். அங்க இருக்கிறது என்ன? வாதத்துல மெலிஞ்சு போன ஒரு எலும்பு, அதுக்குள்ள சொருகுன ஒரு உலோகத் தண்டு, ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கிற கொஞ்சம் சிமென்ட். அவ்வளவுதான்.

இது ஆரம்பத்துல யாருக்கும் சரியா வரலை. 1972-ல இங்கிலாந்துல ரோஜர் டீங்கிற டாக்டர், முடக்கு வாதக்காரங்களுக்குன்னே முழங்கை மாத்துறதைப் பத்தி எழுதினார். அந்தக் காலத்து மூட்டு எல்லாம் கதவுக் கீல் மாதிரியே இருக்கும். மடங்கும், நீளும், பக்கவாட்டுல கடுகளவும் அசையாது. நிஜ முழங்கை அப்படி இல்ல, ஒவ்வொரு அசைவுலயும் கொஞ்சம் திருகிக் கொடுக்கும். கீல் கொடுக்கலைன்னா அந்தத் திருகல் எங்க போகும்? சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவுல போகும். கொஞ்ச வருஷத்துல தண்டு தளர்ந்து ஆட ஆரம்பிச்சிரும். "கையில பண்ணா நிக்காது"ங்கிற பேச்சு அந்தக் காலத்துல இருந்து வந்ததாத்தான் இருக்கணும்.

அப்புறம் ரெண்டு வழியில யோசிச்சாங்க. எடின்பரோவுல சூட்டர், ஜப்பான்ல குடோ, இவங்க எல்லாம் கீலே வேண்டாம், ரெண்டு துண்டையும் சும்மா பொருத்தி வைப்போம், நார்கள் பிடிச்சுக்கட்டும்னு பண்ணாங்க. ஆனா வாதத்துல நாரே தளர்ந்து போனவங்களுக்கு அது விலகிக்கிற ஆபத்து இருக்கு. இன்னொரு வழி அமெரிக்காவுல. கூன்ராட்ங்கிறவர் வடிவமைச்ச கீலை மேயோ கிளினிக்ல மோரேங்கிற டாக்டர் எடுத்து மாத்தினார். அந்தக் கீல்ல வேணும்னே கொஞ்சம் ஆட்டம் விட்டிருக்காங்க. பக்கவாட்டுல ஏழு டிகிரி வாக்குல ஆடும். அந்தச் சின்ன ஆட்டம்தான் எலும்பைக் காப்பாத்துது. கீல் கழண்டு வராது, ஆனா இறுக்கியும் பிடிக்காது. கூன்ராட்-மோரேன்னு ரெண்டு பேர் பேருலயும்தான் அதைச் சொல்றாங்க.

(எங்க வீட்டுப் பழைய மாட்டு வண்டியில அச்சாணிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கும். "இறுக்கிட்டா அச்சு ஒடியும்"னு அப்பா சொல்லுவார். டாக்டர் இதை விளக்குனப்ப எனக்கு அப்பா ஞாபகம் வந்துருச்சு.)

அந்த மூட்டைப் பொருத்தின முடக்கு வாதக்காரங்களைப் பத்து, பதினஞ்சு வருஷம் விடாமப் பின்தொடர்ந்து பாத்து 1998-ல மேயோவுல இருந்து எழுதியிருக்காங்க. பத்து வருஷ முடிவுல நூத்துக்கு 92 மூட்டு இடத்துலயே இருந்துச்சாம். அதைப் பண்ணிப் பண்ணிக் கை பழகுன இடம் அது, எல்லா ஊர்லயும் அதே கணக்கு வராது. அதனால டாக்டர்கிட்ட கூச்சப்படாம ஒண்ணு கேளுங்க: "முழங்கை எத்தனை பண்ணியிருக்கீங்க?" முழங்கால் ஆயிரம் பண்ணவர் முழங்கை பத்துகூடப் பண்ணாம இருக்கலாம். என் டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோவப்படலை, எண்ணிச் சொன்னார்.

இதுல எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒண்ணு. விபத்துல கை நொறுங்கி இதே மூட்டை வைக்கிறவங்களைவிட வாதக்காரங்களுக்கு அது அதிக நாள் உழைக்குதாம். ஏன்னா நம்மளால பாரம் ஏத்த முடியாது. மத்த மூட்டும் வலிக்கிறதால நாம தானாவே கையைப் பாத்துப் பாத்துப் பயன்படுத்துவோம். இந்த வியாதி எனக்குச் செஞ்ச ஒரே நல்லது இதுதான்னு நினைக்கிறேன்.

2021-ல பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணோம். அதுக்கு முன்னாடி நடந்த பரிசோதனைகளைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா எனக்கு யாரும் சொல்லலை.

கைக்கு ஆப்ரேஷன். கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதிட்டார் மயக்க மருந்து டாக்டர். குனிஞ்சு ஒண்ணு, நிமிந்து ஒண்ணு. தேவையில்லாம செலவு வைக்கிறாங்களோன்னு வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நானே போய்க் கேட்டேன். அவர் உக்கார வச்சுச் சொன்னார். வாதம் கழுத்தையும் விடாது. மண்டைக்குக் கீழ இருக்கிற முதல் எலும்பையும் ரெண்டாவது எலும்பையும் கட்டியிருக்கிற நார் தளர்ந்து போயிருந்தா, மயக்கத்துல தலையை வளைச்சுத் தொண்டையில குழாய் விடுறப்ப தண்டுவடம் நசுங்கலாம். நாமதான் மயக்கத்துல இருப்போமே, வலிக்குதுன்னு சொல்ல முடியாதே. அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கழுத்துல லேசாத் தளர்வு இருந்துச்சு. அதுக்கு ஏத்த மாதிரி பாத்துப் பண்ணாங்க. உங்களுக்கு வாதம் இருந்து, எந்த ஆப்ரேஷனா இருந்தாலும், மயக்க மருந்து டாக்டர்கிட்ட "எனக்கு முடக்கு வாதம், கழுத்தைப் பாருங்க"ன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லிருங்க.

அப்புறம் மருந்து. மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டாம்னுட்டாங்க. வாதத்துக்காக ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போட்டுட்டு இருந்த அடாலிமுமாப் ஊசியை மட்டும் ஒரு தவணை விட்டுட்டு, அதுக்கு அடுத்த வாரத்துல ஆப்ரேஷன். புண் ஆறுனதும் திரும்ப ஊசி. அந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கிருமி தொத்துனா இந்த மூட்டு அவ்வளவுதான். முழங்கைக்கு மேல சதையே கிடையாது பாருங்க, தோலும் எலும்பும்தான். தொட்டுப் பாத்தாலே தெரியும். வாதக்காரங்க தோல் வேற காகிதம் மாதிரி ஆயிருக்கும். முழங்கால், இடுப்பைவிட முழங்கையில கிருமித் தொல்லை கூடுதலா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். (மருந்தை நிறுத்துறது, தொடர்றது எதுவும் நீங்களா முடிவு பண்ணாதீங்க. மூட்டுவாத டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். ரெண்டு பேர் நம்பரையும் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்தது என் மூத்த மகதான்.)

பல்லுல சொத்தை இருக்கா, நகச்சுத்தி இருக்கா, யூரின்ல கிருமி இருக்கான்னு எல்லாம் பாத்தாங்க. முழங்காலும் இடுப்பும் எப்படின்னு கேட்டாங்க. அது மோசமா இருந்தா பொதுவா அதை முதல்ல முடிப்பாங்களாம். ஏன்னா கால் ஆப்ரேஷனுக்கு அப்புறம் வாக்கர் பிடிச்சு கை ஊன்றணும், புது முழங்கையில ஊன்றக் கூடாது.

ஆப்ரேஷன் அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, தூங்கிட்டேன்.

கண்ணு முழிச்சப்ப கை ஒரு தலகாணிக் குவியல் மேல உசரத்துல இருந்துச்சு. சுண்டு விரலும் மோதிர விரலும் மரக்கட்டை. பயந்துட்டேன். முழங்கை எங்கயாவது இடிச்சா சுர்ருன்னு கரண்ட் அடிச்ச மாதிரி சுண்டு விரல் வரைக்கும் ஓடும்ல? அந்த நரம்பு முழங்கைக்கு உள்பக்க ஓரத்துல எலும்பை ஒட்டிப் போகுது. ஆப்ரேஷன்ல அதை அலுங்காம நகர்த்தி வச்சிட்டுத்தான் வேலை பாக்கணும். நகர்த்துனதுல அது கோவிச்சுக்கிச்சு. "பெரும்பாலும் சரியாயிரும், பொறுங்க"ன்னாங்க. எனக்குச் சரியாக நாலு மாசம் ஆச்சு. தினமும் காலையில சுண்டு விரலை நகத்தால கிள்ளிப் பாப்பேன். ஒரு நாள் வலிச்சுது. வலிச்சதுக்காக சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலயே அன்னைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சோதனை, எந்திரிக்கிறது.

கைக்குப் பின்பக்கம் இருக்கிற தசையை எலும்புல இருந்து விலக்கி, மூட்டு வச்சிட்டு, திரும்பத் தச்சிருக்காங்க. அது ஒட்டுற வரைக்கும் கையை ஊன்றித் தள்ளவே கூடாது. எனக்கு முதல் ஆறு வாரம் ரொம்பக் கண்டிப்பு, அப்புறமும் மூணு மாசம் வரைக்கும் ஜாக்கிரதை. ஆனா வாதக்காரங்க எந்திரிக்கிறதே கையை ஊன்றித்தானே? இருபது வருஷப் பழக்கம். மூளை சொல்றதுக்குள்ள கை ஊன்றப் போயிரும். முதல் வாரம் கட்டில்ல படுத்துக்கிட்டே திட்டம் போட்டேன்:

கட்டில் கால் நாலுக்கும் மரக்கட்டை வச்சு அரையடி உசத்தினோம். பிளாஸ்டிக் சேரை மூணு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனோம், உசரம் சரியா வந்துச்சு. கக்கூஸ்ல மேல்நாட்டு பீங்கான் மேல உசரமான இருக்கை. வலது கையில ஒரு சிவப்புக் கயிறு, ஊன்றப் போனா கண்ணுல படட்டும்னு சின்ன மக கட்டி விட்டா.

முதல்ல கட்டுத் துணியை முழங்கைக்கு மேல சுத்தி வச்சுப் பாத்தோம், கை தடிமனா இருந்தா ஊன்றத் தோணாதுன்னு. வேர்த்துப் புண்ணுகிட்ட ஈரமாச்சு. பிசியோதெரபி பொண்ணு பாத்துட்டு அன்னைக்கே அவிழ்க்கச் சொல்லிட்டா. கயிறுதான் ஜெயிச்சுது.

அந்தப் பொண்ணுக்கு இருபத்தி நாலு வயசு இருக்கும். "அம்மா, நீங்க மடக்குங்க. நீட்டுறதைப் பூமி பாத்துக்கும்"ம்பா. கையை நானா மடக்கணும். நீட்டுறப்ப தசையைப் போட்டுத் தள்ளாம, அதோட கனத்துக்கே தொங்க விடணும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. அவ ஒரு பிளாஸ்டிக் கோணமானி வச்சு அளந்து நோட்டுல எழுதுவா. 95. 100. 100. 98 (அன்னைக்கு அழுதேன்). 108. 115.

ஒன்பதாவது வாரம் 128.

மதியம் தயிர் சாதம். பழக்கத்துல நீளக் கரண்டியைத்தான் எடுத்தேன். அப்புறம் கீழ வச்சிட்டேன். கையால பிசைஞ்சு ஒரு உருண்டை எடுத்தேன். கை மேல வந்துச்சு, வந்துக்கிட்டே இருந்துச்சு. தலையைக் குனியவே இல்ல. உதட்டுல விரல் பட்டதும் அப்படியே நிறுத்திட்டேன். அஞ்சு வருஷம் ஆச்சு என் விரல் என் உதட்டைத் தொட்டு. தயிரோட புளிப்பைவிட அந்த விரல் நுனிதான் ருசியா இருந்துச்சு.

வீட்டுக்காரர் அடுப்படி வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தார். ஒண்ணும் பேசலை. அந்த நீளக் கரண்டியை எடுத்துக் கழுவி பரண்ல போட்டார்.

(இதே மோரே டாக்டர் 1981-ல 33 பேரைச் சாதாரண வேலைகள் செய்யச் சொல்லி முழங்கையை அளந்திருக்கார். 30-ல இருந்து 130 டிகிரி வரைக்கும் மடங்கி, உள்ளங்கை மேல 50, கீழ 50 திரும்புனா பெரும்பாலான வேலை நடந்துரும்னு கண்டுபிடிச்சார். உலகம் பூரா அந்த 30-130தான் கணக்கு. அவர் அளந்தது முள்கரண்டியால சாப்பிடுறது, டெலிஃபோனைக் காதுல வைக்கிறது மாதிரியான வேலைகள். கையால பிசைஞ்சு சாப்பிடுறது, பின்னந்தலையில பூ வைக்கிறது, கையேந்தித் திருநீறு வாங்குறது, இதையும் நம்ம ஊர் டாக்டர்கள் உக்காந்து அளந்து ஒரு அட்டவணை போடணும்னு எனக்கு ரொம்ப ஆசை.)

இப்ப கனத்துக்கு வர்றேன். டாக்டர் டிஸ்சார்ஜ் அன்னைக்கு எழுதிக் கொடுத்தது: திரும்பத் திரும்பத் தூக்குற பொருள் ஒரு கிலோவுக்குள்ள. எப்பவாவது ஒரு தடவைன்னா நாலரை கிலோ. ஆயுசுக்கும். ஆறு மாசம், ஒரு வருஷம் இல்ல, ஆயுசுக்கும். அந்த வார்த்தைக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தார்.

நான் கடையில இருந்து சமையல் தராசு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி, அடுப்படியில இருக்கிறது எல்லாத்தையும் நிறுத்தேன். ஒரு நாள் பூரா அதான் வேலை. அரை லிட்டர் பால் பாக்கெட் அரைக் கிலோ, சரி. என் இரும்புத் தோசைக்கல் ரெண்டு கிலோவுக்கு மேல! இருபது தோசைக்கு அதை ஏத்தி இறக்குனா என்ன ஆகும்? அடுப்புலயே இருக்கட்டும்னு விட்டாச்சு. அஞ்சு லிட்டர் குக்கர் சாதத்தோட நாலு கிலோவைத் தாண்டிருச்சு. சிவப்பு நகப்பாலிஷ் எடுத்து, தொடக் கூடாத பாத்திரம் எல்லாத்துலயும் அடியில ஒரு புள்ளி வச்சேன். மக, "அடியில வச்சா தூக்குனாத்தானே தெரியும்?"னு கேட்டா. நியாயம். கைப்பிடியில மாத்தி வச்சோம். மூணு லிட்டர் குக்கர் ரெண்டு வாங்கினோம். குடத்துக்குப் பதிலா சொம்பு. மளிகைக்குத் தோள்ல மாட்டுற பை.

பேரன் பிறந்தப்பதான் கஷ்டமா இருந்துச்சு. மூணு கிலோ இருக்கிற வரைக்கும் இடது கையில தாங்கி வச்சிருந்தேன். எட்டு மாசத்துல ஒன்பது கிலோ. தூக்குன்னு கையை நீட்டுவான். நான் தரையில கால் நீட்டி உக்காந்துக்குவேன், அவனே ஏறி மடியில உக்காந்துக்குவான். இப்ப என்னைப் பாத்தாலே "பாட்டி உக்காரு"ங்கிறான்.

வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே. சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவுல கறுப்பா கோடு விழுதான்னு பாப்பாங்க. விழுந்தா தளருதுன்னு அர்த்தம். கீல்ல இருக்கிற பிளாஸ்டிக் புஷ்ஷும் தேயும், அதை மாத்தலாம். ஆனா தண்டே தளர்ந்துட்டா மறுபடி பண்றது ரொம்பச் சிரமம், எலும்பு மிச்சம் இருக்காது. சின்ன வயசுக்காரங்களைத் தள்ளிப் போடச் சொல்றது அதனாலதான். கால்ல ஒரு கொப்புளம் வந்தாக்கூட நான் அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருவேன். அங்க இருக்கிற கிருமி ரத்தத்துல ஏறி மூட்டுக்கு வந்து உக்காந்துரும்னு சொல்லியிருக்காங்க.

ஒண்ணு சொல்லிடணும். இந்த ஆப்ரேஷன் வாதக்காரங்களுக்கு இப்ப உலகத்துல குறைஞ்சுக்கிட்டு வருது. நல்ல செய்தி. மெத்தோட்ரெக்ஸேட்டும் அதுக்கு அப்புறம் வந்த ஊசிகளும் மூட்டு அரிக்கிறதை ஆரம்பத்துலயே நிறுத்திடுது. காலையில விரல் ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கமா இருந்து, ரெண்டு கையிலயும் வீக்கம் இருந்தா, பொடி கொடுக்கிறவர்கிட்ட போகாதீங்க. மூட்டுவாத டாக்டர்கிட்ட போங்க. என் மூணு வருஷம் உங்களுக்கு வேண்டாம்.

காதுகுத்துக்குத் திரும்பி வர்றேன்.

சின்ன மாமியாருக்கு அன்னைக்கு நான் பதில் சொல்லலை. பந்திக்குக் கூப்பிட்டாங்க. அவங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. சாம்பார், ரசம், அப்பளம் நொறுக்கிப் பாயசம். பாயசத்தை இலையில விட்டாங்க, வழிச்சுக் குடிச்சேன். யாரும் என்னைப் பாக்கலை. பக்கத்துல இருந்த அவங்ககூடக் கவனிக்கலை, "இந்த மோர்மிளகாயை எடுத்துக்க, எனக்கு ஆகாது"ன்னு என் இலையில வச்சிட்டு அவங்க பாட்டுக்குச் சாப்பிட்டாங்க. நான் எழுந்திரிக்கிறப்ப பழக்கத்துல தோளைப் பிடிச்சுத் தூக்கி விட்டாங்க. பூ கொண்டு வந்தாங்க. ரெண்டு முழம். வாங்கி நானே பின்னால வச்சு ஊக்கு சொருகிக்கிட்டேன்.

இடது கை இப்ப 85-ல நிக்குது. போன மாசத்துல இருந்து ராத்திரி வலி வேற. வர்ற வியாழக்கிழமை வலது கைக்கு வருஷ எக்ஸ்ரே, அப்படியே இடதைப் பத்தியும் கேக்கணும். கேள்வி எல்லாம் காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதி வச்சாச்சு. பேரன் பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி பண்ணலாமா, அப்புறமாங்கிறது மூணாவது கேள்வி.